காவி பட்ட வெள்ளை ஷூ

டிசம்பர் 29, ஞாயிறு

இன்று காலை பத்தரை மணிக்கு ஒருவன் என் மகள் சிந்துஜாவைப் பெண் கேட்டு வந்தான். கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தான். வெள்ளைக் கலர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டிரில் வகுப்புக்குப் போடுவார்களே, அந்த மாதிரி.

பெயர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கம். சிந்துஜா வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியிலேயே பேட்டர்ன் மாஸ்டர். மூன்று வருஷப் பழக்கமாம். எனக்கு மூன்று நாளாகத்தான் தெரியும். "உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?" என்று அவளைப் பெற்ற ருக்குமணியைக் கேட்டதற்கு, "காபி ஆறுதுங்க, குடியுங்க" என்றாள்.

முப்பத்தொரு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில் கறை எடுக்கும் பிரிவைக் கட்டி மேய்த்தவன் நான். ஒரு துணியைத் தூக்கிப் பிடித்தால் குறை தானாகக் கண்ணில் படும். ஆளும் அப்படித்தான். பெண் கேட்டு வருகிறவன் தோல் செருப்பாவது போட்டு வரவேண்டாமா? ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நடையில் ஒரு தெனாவெட்டு. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, கல்யாண மண்டபத்தையே விலைக்கு வாங்க வந்தவன் மாதிரி. உட்காருங்கள் என்று நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"சார், ஒரு விஷயம் முதல்லயே சொல்லிருதேன்" என்று ஆரம்பித்தான்.

"ஒன்னும் சொல்ல வேண்டாம். எல்லாம் எம்பொண்ணு சொல்லிட்டா" என்று எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே நாலு நிமிஷம் இருந்திருப்பேன்.

வாசல்படியில் ருக்குமணி மார்கழிக் கோலத்துக்குக் காவி கரைத்து ஒரு தகர டப்பா நிறைய வைத்திருந்தாள். எங்கிருந்தோ ஒரு பூனை ஓடிவந்து அதைத் தட்டிவிட்டது. மொத்தக் காவியும் அந்த வெள்ளை ஷூவின் மேல். நான் பக்கத்தில்தான் நின்றேன், தடுக்க முடியவில்லை.

எல்லோரும் ஓடி வந்தார்கள். "பூனை" என்றேன். அவன் ஷூவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "பரவால்ல சார்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. என் பழைய ரப்பர் செருப்பைக் கொடுத்து அனுப்பினேன். பொங்கலுக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். சரி என்றால் அவன் பெற்றவர்கள் ஊரிலிருந்து வருவார்கள். இல்லை என்றால் இல்லை.

சிந்துஜா சாப்பிடவில்லை. என் வலது கால் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பேன்.

டிசம்பர் 30, திங்கள்

காலையில் சிந்துஜா கேட்டாள். "அப்பா, அந்த ஷூவைக் குடுங்க. இருக்கற மாதிரியே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"கறையோட ஒரு சாமான் இந்த வீட்டை விட்டுப் போகாது" என்றேன். "அப்புறம் முப்பத்தொரு வருஷம் நான் என்னத்தைக் கிழிச்சேன்னு அவன் கேக்க மாட்டானா?"

"அவரு கேக்க மாட்டாருங்கப்பா."

'அவரு'. சரி.

நேற்றே ஒரு பிசகு செய்துவிட்டேன், இங்கே மட்டும் எழுதுகிறேன். கம்பெனியில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்வேன்: மண் கறையை ஈரத்தில் தொடாதே, காயவிடு, காய்ந்ததும் தட்டு, பாதி தானாகப் போகும் என்று. நேற்று நான் என்ன செய்தேன்? ஒரு குடம் தண்ணீரை ஊற்றித் துணி துவைக்கிற பிரஷ்ஷால் கரகரவென்று தேய்த்தேன். மேலோடு இருந்த காவியை நூலுக்குள் நானே ஏற்றிவிட்டேன். அவசரம். அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

இன்று லேசை உருவித் தனியாகச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். அதில் காவி அதிகம் படவில்லை, வெளுத்துவிட்டது. ஷூவை இளஞ்சூட்டுத் தண்ணீர், சோப்புத்தூள், பழைய டூத் பிரஷ். முன்பக்கம் செங்கல் நிறத்திலிருந்து ஆரஞ்சுமிட்டாய் நிறத்துக்கு வந்திருக்கிறது.

டிசம்பர் 31, செவ்வாய்

அந்த நீல டீ-சர்ட்டைத் தேடினேன். மார்ச்சில் நான் வேலையிலிருந்து நின்றபோது கம்பெனியில் கொடுத்தது. முதுகில் '31 ஆண்டுகள்' என்று பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். தீபாவளியிலிருந்து காணவில்லை. ருக்குமணியைக் கேட்டால், "போட்டா வயித்துல நிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க, இப்ப எதுக்கு?" என்கிறாள். வயிற்றில் நின்றால் என்ன, என்னுடையது இல்லையா?

ஷூ அப்படியே.

ஜனவரி 1, புதன்

புது டைரி. நூல் கம்பெனிக்காரர் பழைய பழக்கத்தை மறக்காமல் அனுப்பியிருக்கிறார். நல்ல மனுஷர்.

புத்தாண்டும் அதுவுமாகப் பிளீச்சிங் போட்டேன். முதல் பத்து நிமிஷம் நுரை, வாசனை, எனக்கு ஒரே உற்சாகம். மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் கறை இருந்த இடம் அப்படியே இருக்க, கறை இல்லாத இடமெல்லாம் பழைய வேட்டி மாதிரி மஞ்சள் பூத்திருக்கிறது. கேன்வாஸைப் பசை போட்டு ரப்பரில் ஒட்டியிருக்கிறான். பிளீச்சிங்கும் வெயிலும் சேர்ந்தால் அந்தப் பசையே மஞ்சளாகக் கசியும் போலிருக்கிறது. பனியனில் ஏது பசை? எனக்கு எப்படித் தெரியும்?

இசக்கிமுத்து நேற்றிலிருந்து வேலைக்கு லீவாம். முதுகு வலியாம். முப்பது வயதில் முதுகு வலி! புத்தாண்டுக்கு நன்றாகத் தூங்கட்டும்.

ஜனவரி 3, வெள்ளி

ஷூ நீலமாகிவிட்டது.

ஜனவரி 4, சனி

நேற்று எழுத மனம் வரவில்லை. மஞ்சளுக்கு நீலம் மாற்று என்று இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம்தான். ஒரு வாளித் தண்ணீருக்கு நாலு சொட்டு. நான் சின்ன வாளி எடுத்தேன். மூடி இறுகியிருந்தது. ஓங்கி அழுத்தினேன். எத்தனை சொட்டு என்று எண்ண முடியவில்லை, சொட்டாக வந்தால் அல்லவா எண்ணுவதற்கு?

ருக்குமணி மாடிக்கு வந்து, கொடியில் தொங்கிய இரண்டு நீல ஷூவையும் ரொம்ப நேரம் பார்த்தாள். முன்பக்கத்தில் காவி வேறு.

"வேணும்னே பண்றீங்களா?"

"எதை?"

"ஷூ சரியானாத்தான பதில் சொல்லணும்னு இழுத்துட்டே போறீங்களா?"

"பதிலுக்கும் ஷூவுக்கும் என்னடி சம்பந்தம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்று காயப்போட வந்த துணியை என் தோளில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பாதிப் படியில் நின்று, "நம்ம தெருவுல பூனையே கெடையாதுங்க" என்றாள்.

வெளித்தெருப் பூனையாக இருக்கலாம்.

ஜனவரி 5, ஞாயிறு

நீலம் போக வேண்டுமென்றால் உள்ளேயும் அலச வேண்டும். அதற்காக இன்று உள்ளே இருக்கும் மெத்தை அட்டையை உருவினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. வேலையைத் தலைகீழாகச் செய்யும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

வலது ஷூவில் சாதாரண அட்டை. இடது ஷூவில் அட்டை வரவில்லை. கரண்டிக் காம்பை விட்டு நெம்பியபோது கைக்கு வந்தது ஒரு திண்டு. குதிகால் பக்கம் ஒன்றரை விரல் உயரம், முன்னால் போகப் போகச் சரிந்து மெலிகிறது. ரப்பர் ஷீட்டை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி, மேலே துணி சுற்றித் தைத்திருக்கிறது. துணி இரண்டு நாள் நீலத்தில் நனைந்ததால் நீலம் என்று நினைத்தேன். இல்லை. அது முதலிலேயே நீலம். கெட்டியான காலர் டீ-சர்ட் துணி. திருப்பிப் பார்த்தேன். '31 ஆ' என்று இருந்தது. மீதி எழுத்து வெட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

என் முப்பத்தொரு வருஷத்தின் மேல் ஒருத்தன் ஏறி நின்றுகொண்டிருந்திருக்கிறான்.

தையலைப் பார்த்தேன். ஒன்று விட்டு ஒன்று குறுக்குத் தையல், முடிச்சு உள்பக்கம். சிந்துஜா பத்து வயதில் நான் கொண்டுவரும் வெட்டுத் துணிகளில் பழகிய தையல். நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. சொல்வதற்கு முன்னாலேயே நாற்காலியில் உட்கார்ந்தது. 'முதல்லயே சொல்லிருதேன்' என்றது. முதுகு வலி. இதை நான் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஒரு மட்டமான ரப்பர் செருப்பை மாட்டி அனுப்பியிருக்கிறேன். ஒரு வாரம். எனக்கு என் மேலேயே அவ்வளவு கோபம் வந்தது.

கீழே போய்ச் சிந்துஜாவிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"எட்டாவது படிக்கறப்போ லாரி மோதிருச்சுங்கப்பா. எடது கால் அளவு கொஞ்சம் கம்மி. தோல் ஷூவுல இது அடங்காது, கேன்வாஸ்லதான் இழுத்துக் கட்ட முடியும். அன்னிக்கு அவரே உங்ககிட்டச் சொல்றேன்னாரு. நீ சொல்லாத, நான் சொன்னாத்தான் மரியாதைன்னாரு. நீங்க கேக்கல."

"அப்ப திண்டையாவது கேட்டு வாங்கியிருக்கலாமில்ல?"

"கறையோட ஒரு சாமானும் போகாதுன்னீங்க."

"டீ-சர்ட்டு?"

"அவ்வளவு கெட்டித் துணி வேற இல்லீங்கப்பா. நீங்க பீரோவுலதான வச்சிருந்தீங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, "உங்களோடதா இருக்கட்டும்னும் நெனச்சேன்" என்றாள்.

"இதை முதல்ல கொண்டுபோய்க் குடு. வேற ஏதாச்சும் கேன்வாஸ் ஷூ இரவல் வாங்கிப் போட்டுக்கச் சொல்லு. இது பொங்கலுக்குள்ள ரெடியாயிரும்" என்றேன்.

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் சோப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது போலிருக்கிறது, ரொம்ப நேரம் எரிந்தது.

ஜனவரி 6, திங்கள்

நீலத்துக்கு வினிகர். ஆறு தடவை அலசல். வானத்து நீலத்தில் இருந்தது இப்போது பால் பாக்கெட் கழுவின தண்ணீர் நிறம். இசக்கிமுத்து வேலைக்குப் போனானாம்.

ஜனவரி 8, புதன்

பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று புத்திக்கு எட்டியது. காவி என்றால் என்ன? செம்மண்தானே. செம்மண்ணில் சிவப்பு எதனால்? இரும்பால். அப்படியானால் இது மண் கறை மட்டுமில்லை, துருக் கறைக்கும் பங்காளி. கம்பெனியில் மெஷின் துரு பட்ட பனியனுக்கு நான் என்ன போடுவேன்? பிளீச்சிங் போட்டால் கறை கெட்டிப்படும் என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! அந்த வசவு முழுவதையும் இன்று எனக்கே ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

எலுமிச்சம்பழச் சாறும் தூள் உப்பும். குழைத்துக் கறை மேல் பூசி அரை மணி நேரம் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் வெளியிலிருந்து உள்நோக்கி. திரும்பப் பூச்சு, திரும்ப அலசல். சாயங்காலத்துக்குள் ஏழு பழம். ருக்குமணி எட்டாவது பழத்தை ஒளித்து வைத்துவிட்டாள், ரசத்துக்கு வேண்டுமாம். நான் கண்டுபிடித்துவிட்டேன்.

கறை இறங்குகிறது! பெரிய சந்தோஷம். இவ்வளவு சந்தோஷம் எனக்கு ஜெர்மனிக்காரன் ஆர்டர் ஒரு பீஸ்கூடக் குறையென்று திரும்பாமல் போனபோதும் வந்ததில்லை.

ஜனவரி 10, வெள்ளி

வெயில் கூடாது. நிழலில்தான். உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிக்கு ஒரு தரம் மாற்றுகிறேன். வெளியே வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஈரத்தோடு ஒட்டி மூடியிருக்கிறேன். காயும்போது மஞ்சள் ஷூவை விட்டுப் பேப்பருக்கு வந்துவிடுகிறது. பேப்பரைப் பிரித்தால் டீ வடிகட்டின மாதிரி. இந்தப் பேப்பர் வழியைச் சிந்துஜாதான் போனில் பார்த்துச் சொன்னாள். ஷூவைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள், கெட்டிக்காரி.

மத்தியானம் ருக்குமணியின் அண்ணன் தாராபுரத்திலிருந்து போன். "ஏனுங் மாப்ளை, நம்ம பக்கத்துல பையனே இல்லீங்களா? கால் வேற சரியில்லைன்னு கேள்விப்பட்டேன்."

"காலுக்கு என்னங்க? அளவுதான கம்மி. இருக்கற வேலையில ராஜா மாதிரி இருக்கறான். உங்க மகனுக்கு ரெண்டு காலும் ஒரே அளவுதான, எங்கிங்க நடந்து போறான், டீக்கடை வரைக்குமா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஏன் அப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை. பேப்பர் மாற்றுகிற நேரத்தில் கூப்பிட்டால் யாருக்கும் கோபம் வரும். ருக்குமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டாவது முறையாகக் காபி கொண்டு வந்தாள்.

ஜனவரி 12, ஞாயிறு

ரப்பர் ஓரத்துக்கு டூத்பேஸ்ட். வெள்ளையாக இருக்கிற பேஸ்ட்தான் சரி, கலர் பேஸ்ட் வேலைக்கு ஆகாது. முன்மூக்கில் தேய்க்கத் தேய்க்க ஷூ சிரிக்கிறது. லேசை இரண்டு பக்கமும் ஒரே நீளமாகக் கோத்தேன்.

பிறகு அடிப்பாகம். கவிழ்த்துப் பார்த்தேன். பள்ளங்களில் மூன்று வருஷத்துத் திருப்பூர் ரோடு முழுவதும் இருக்கிறது. ஊசியால் ஒவ்வொரு கல்லாக எடுத்து, பிரஷ் போட்டு, கொதிக்காத வெந்நீரில் கழுவி, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியில் அழுக்கு வராத வரைக்கும் துடைத்தேன். நாலு மணி நேரம்.

"அடியை எதுக்குங்க இந்தத் தேய் தேய்க்கறீங்க? ரோட்டுல மிதிக்கப்போறதுதான?" என்றாள் ருக்குமணி.

"உனக்கு ஒன்னும் தெரியாது" என்றேன்.

ஜனவரி 13, திங்கள்

காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் சேர்த்து வாசல் நிலையில் செருகினேன். சிந்துஜா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்குப் பொங்கல் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை. நான் இறங்கின பிறகும் ஸ்டூலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூல் எங்கேயும் ஓடிவிடாது என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் பொங்கியது. கிழக்குப் பக்கமாகத்தான் வழிந்தது.

சாமி கும்பிட்டு இலை போட்டதும் சிந்துஜாவிடம் சொன்னேன்: "ஷூ ரெடியாயிருச்சு. ஞாயித்துக்கெழமை வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு. தனியா வர வேண்டாம், ஷூ கனமா இருக்கும். அவங்க அம்மா அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

அம்மாவும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள். நல்ல நாளும் அதுவுமாக என்ன அழுகை என்று அதட்டினேன். சர்க்கரைப் பொங்கலை நானே இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பதினொரு மணிக்கு வந்தார்கள். அப்பா, அம்மா, இசக்கிமுத்து. அவன் காலில் யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்பு கேன்வாஸ் ஷூ. கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் என் ரப்பர் செருப்பு, கழுவித் துடைத்து.

அவன் பெற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். இசக்கிமுத்து நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து லேசை அவிழ்த்தான். இந்த நேரத்துக்காகத்தான் நான் காலை ஆறு மணியிலிருந்து காத்திருந்தேன். உள்ளே போய் வெள்ளை ஷூவை எடுத்து வந்தேன். வாசல்படிக்கு வெளியே வைக்கவில்லை. படியைத் தாண்டி, வீட்டுக்குள், ஒரு புது மிதியடி விரித்து அதன் மேல் வைத்தேன்.

"திண்டை எடுத்து இதுல போடுங்க மாப்ளை. போட்டுக்கிட்டு உள்ள வாங்க."

அவனுக்குப் புரியவில்லை. "உள்ளயா?"

அவன் அம்மா திரும்பிப் பார்த்துப் பதறினார். "ஐயய்ய, சாமி படம் இருக்க வீட்டுக்குள்ள செருப்புக் காலோடயா? அவன் வெறுங்காலோட நடந்துருவான், இருக்கட்டும்."

"இது ரோட்டை மிதிக்காத ஷூங்க தாயி. அடி முச்சூடும் நானே கழுவியிருக்கறேன். இந்த வீட்டுக்குள்ள நடக்கறதுக்குத்தான் கழுவினேன்" என்றேன்.

ருக்குமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அடியை எதற்குத் தேய்த்தேன் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இசக்கிமுத்து படியில் உட்கார்ந்து என் முப்பத்தொரு வருஷத்தை ஒரு ஷூவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினான். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். முன்மூக்குக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இளஞ்சிவப்பு இன்னும் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் நீலமும் தெரியும். "இவ்வளவுதான் முடிஞ்சுது" என்றேன். "அப்புறம், மாப்ளை, அன்னிக்கு அந்தப் பூனை..."

"தெரியும் மாமா" என்றான் லேசை இழுத்துக் கட்டிக்கொண்டே. "நான் உக்காந்திருந்த நாற்காலிக்கு நேரா சன்னல். பாத்துட்டுத்தான் இருந்தேன். நல்லா ஓங்கி ஒதச்சீங்க. வெரல் சரியாயிட்டா?"

சிரித்தான். அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன், வாய்விட்டு, தெருவுக்கே கேட்கும்படி.

பிறகு எழுந்தான். நிலையைப் பிடிக்கவில்லை. ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நேராக நடந்தான். சாய்வே இல்லை. நாற்காலி பக்கத்தில் போய் நின்றுகொண்டு என்னையே பார்த்தான். ஒரு கணம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

"உக்காருங்க மாப்ளை" என்றேன். உட்கார்ந்தான்.

தை இருபத்தெட்டில் நிச்சயம். வெளியே மிதிக்க அவருக்கு இன்னொரு ஜோடி வாங்க வேண்டும், இது இனிமேல் இந்த வீட்டு ஷூ. திண்டு இன்னொன்று தைக்கவும் டீ-சர்ட்டில் துணி மிச்சம் இருக்கிறதாம், '31 ஆ' போய்விட்டாலும் 'ண்டுகள்' இருக்கிறது என்கிறாள் சிந்துஜா.

பழைய டைரியை எடுத்து டிசம்பர் 29-ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு திருத்தம் எழுதினேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்: எங்கள் தெருவில் பூனை கிடையாது.